முன்பாரம், பின்பாரம்

இந்தியானா மாநிலத்தின் வடக்கே, எல்க்ஹார்ட் வட்டாரத்தில் சாலையோரமெல்லாம் சக்கரம் வைத்த வீடுகள். அமெரிக்காவில் விற்கும் டிராவல் டிரெய்லர்களில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது. குதிரை வண்டியிலும் சைக்கிளிலும் வேலைக்கு வரும் ஆமிஷ் மக்கள் பலர் இவற்றின் சுவரையும் அலமாரியையும் பொருத்துகிறார்கள். நான் போனது அந்தத் தொழிற்சாலைகளுக்கு அல்ல. டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் ஹிட்ச் பொருத்தித் தரும் ஒரு பட்டறைக்கு.

பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி பிக்கப்பும் டிரெய்லருமாக வந்து நின்றார்கள். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானம் பார்த்திருந்தது. பட்டறை மெக்கானிக்கின் கழுத்து வெயிலில் கறுத்திருந்தது. அவர் முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை, அளவு நாடா.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, இழுக்கும் வண்டியின் இணைப்புக் குண்டின் மேல் அமர வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆனால் அந்தக் குண்டு இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே அழுத்தும் எடை பின் அச்சைத் தாங்குபுள்ளியாக்கி முன் அச்சைத் தூக்கிவிடும். திருப்புவது முன்சக்கரம், பிரேக்கில் பெரும்பாடு படுவதும் அதுதான்.

இதற்கு மருந்துதான் எடைப்பகிர்வு ஹிட்ச். குண்டைத் தாங்கும் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் எஃகுக் கம்பிகள் பின்னோக்கி டிரெய்லர் சட்டத்தின் கீழே போகும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து மாட்டினால், தலை முறுக்கப்பட்டு முன் அச்சை மறுபடி கீழே அழுத்தும். கொஞ்சம் எடை டிரெய்லரின் அச்சுக்கும் போகும். எடை எங்கும் மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

மெக்கானிக் டிரெய்லரைக் கழற்றி, சமதரையில், பயணச் சாமான்களோடு பிக்கப்பின் முன்சக்கர மட்கார்டின் உயரம் அளந்தார்: 37 அங்குலம். டிரெய்லரை மாட்டியதும் 37¾. பின்பக்கம் போய்ப் பார்த்தவர், டிரெய்லரின் பின் பம்பரில் தொங்கிய இரண்டு சைக்கிள்களைக் கையால் தட்டினார். "சார், இதை பிக்கப் தொட்டிக்கு மாத்திடுங்க." வீட்டம்மா, "ஹிட்ச் இருக்கே, அது பார்த்துக்காதா?" என்றார். "பின்பாரத்தை இது சரிபண்ணாதும்மா. சாமான் வைக்கிற இடம் தப்பா இருந்தா இதால ஒண்ணும் முடியாது." தண்ணீர்த் தொட்டி எங்கே என்று அடுத்துக் கேட்டார். 40 கேலன் என்றால் சுமார் 330 பவுண்டு. அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் பின்பாரம்தான். நல்லவேளை, முன்னால் இருந்தது.

சைக்கிள்களை மாற்றி மீண்டும் அளந்தபோது மட்கார்டு அதே 37¾ காட்டியது. பிறகு ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கையும் பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கினார். அந்த நிலையில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். ஒரு குழாயை நெம்புகோலாக்கி பக்கத்தில் ஒதுங்கி நின்று மாட்டினார். கை நழுவினால் குழாய் முகத்தில் அடிக்கும். உதவிக்கு நின்ற இளம்பெண் பின்வாங்கியே இருந்தாள். இறக்கி அளந்தால் 37½. தலையின் சாய்வு போதவில்லை. எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டு, மறுபடி முழு வேலையும். இந்தமுறை 37¼.

இங்கேதான் எனக்குப் புதிய விஷயம். முழுசாக 37க்குக் கொண்டுவர சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி இறுக்கினால் போதுமே என்றேன். "அது ஒவ்வொரு வண்டியோட கையேடு சொல்ற விஷயம். இந்த வண்டிக்குப் பாதிக்கு மேல திரும்பினா போதும்" என்றார். முன்புறத்தில் எடையை அதிகம் குவித்தால் பின்சக்கரங்கள் லேசாகி, திருப்பத்தில் வழுக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் சம அளவு அமுங்க வேண்டும் என்பது பழைய முறை. இழுவைக்கான எஸ்ஏஇ ஜே2807 தரம் வந்த பிறகு தயாரிப்பாளர்கள் முன் அச்சுக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பார்க்கிறார்கள். நன்றாக இறுக்குபவனே நல்ல மெக்கானிக் என்ற என் எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

அளவு நாடாவை மட்டும் நம்பாமல், பக்கத்து லாரி நிறுத்தத்தின் கேட் (CAT) எடைமேடைக்கும் அனுப்பினார். பிக்கப் மட்டும்: முன் அச்சு 3,200, பின் 2,500 பவுண்டு. கம்பி மாட்டாமல் டிரெய்லரோடு: 2,860, 3,600, டிரெய்லர் அச்சு 5,240. கம்பி மாட்டி: 3,080, 3,220, 5,400. கூட்டிப் பாருங்கள், டிரெய்லரோடு எடுத்த இரண்டிலும் 11,700தான்.

இதற்கு ஒரு முற்பகல் முழுக்கப் போயிற்று. புது டிரெய்லர் விற்கும் பல இடங்களில் இதே வேலையைச் சாவி கொடுக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். விலைக்குள் அடங்கிய இலவச சேவை என்று பெயர். இலவசம் என்பதால் அளப்பவர் குறைவு.

குண்டின் நட்டை நீண்ட டார்க் ரெஞ்சால் 450 அடிப்பவுண்டுக்கு இறுக்கிவிட்டு, எத்தனையாவது கண்ணி என்று பெயின்ட் பேனாவால் சட்டத்தில் குறித்தார். "முதல் பயணத்துக்கு அப்புறம் நட்டை மறுபடி பாருங்க. சமையல் சாமான் ஏறினாலும் சைக்கிள் இறங்கினாலும் இந்த எண் பொய்யாகிடும், திரும்ப எடைபோடுங்க." அந்த அம்மா மூன்று எடை ரசீதையும் டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று கணவரிடம் கேட்க ஆரம்பித்தார்.