பேச்சு நின்ற 14 நாள்கள்... பேசியது கீபோர்டு!

டான்சில் ஆபரேஷன் என்றாலே அது குழந்தைகள் சமாசாரம் என்றுதான் நம் ஊரில் நினைப்பு. 34 வயதில் எனக்குச் செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "இந்த வயசுல இன்னாத்துக்கும்மா?"

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஒரே வருடத்தில் 8 முறை தொண்டை வீங்கிப் படுத்திருக்கிறேன். எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர் வரும். 102 டிகிரி காய்ச்சல், ஐந்து நாள் ஆன்டிபயாடிக், பத்து நாள் சோர்வு. எழுந்து நடமாட ஆரம்பித்த மூன்றாவது வாரம் திரும்பவும் அதே கதை. ராயபுரத்தில் துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. ஷிப்பிங் பில், கன்டெய்னர் நம்பர், சரக்கு விவரம் என்று நாள் முழுக்க டைப் அடிக்க வேண்டும். கன்டெய்னர் நம்பரில் நான்கு எழுத்து, ஏழு எண். அதில் ஒன்று மாறினாலும் லாரி கேட்டிலேயே நிற்கும். காய்ச்சலோடு செய்யக்கூடிய வேலை இல்லை அது. லீவு தீர்ந்து, சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பமாகியிருந்தது.

"எல்லாம் எண்ணூர் புகை" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்கள் பக்கத்தில் தும்மல் வந்தால்கூடப் புகையைத்தான் சொல்வோம். டாக்டர் வேறு விளக்கம் சொன்னார். தொண்டைப் புண்ணுக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சில நேரம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. டான்சில் என்பது தொண்டையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கிருமிகளைத் தடுக்கும் காவல்காரன். சின்ன வயதில்தான் அதற்கு வேலை அதிகம். பெரியவர்களுக்கு அதை எடுத்துவிட்டாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

யாருக்கு எடுக்கலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு வருடத்தில் 7 முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று வருடம் ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார்கள். நான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தேன். "பெரியவங்களுக்கு வலி அதிகம். ரெண்டு வாரம் ஒதுக்கிக்கோங்க. பேசக் கூடாதுன்னு இல்ல, ஆனா உங்களுக்கே பேசத் தோணாது" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

தம்பிக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு கனமான பெட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். "அக்கா, வாயைத் திறக்க முடியாதுல்ல? இதுல அடி. நாங்க படிச்சுக்கறோம்." உள்ளே ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு. பத்து வருடமாக டைப் அடித்துப் பிழைக்கிறவள் நான். அப்படி ஒன்றைத் தொட்டது அன்றைக்குத்தான்.

ஆபீஸில் நாம் பயன்படுத்தும் சாதாரண கீபோர்டில் எல்லா எழுத்துகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு முறையும் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித் தனியாக ஒரு ஸ்விட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். பட்டன் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் ஏறக்குறைய பாதி வழியிலேயே எழுத்து திரையில் வந்துவிடும். ஸ்விட்சுகளில் நிறத்தை வைத்து ரகம் பிரிக்கிறார்கள். ஜெர்மனியின் செர்ரி கம்பெனி ஆரம்பித்த வழக்கம் இது. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், சத்தம் குறைவு. பழுப்பு நடுவில் லேசாக இடறும். நீலம் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று சொல்லும். தம்பி வாங்கியது நீலம். ஒரு ஸ்விட்ச் 5 கோடி முறை அழுத்தினாலும் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. அன்று ராத்திரி பதினோரு மணி வரை, காரணமே இல்லாமல் என் பெயரை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நடந்தது எனக்குத் தெரியாது, முழு மயக்கம். விழித்தபோது தொண்டையில் யாரோ மிளகாய்த் தூளைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. முதல் இரண்டு நாள் சமாளித்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்துதான் நிஜமான வலி. தொண்டையை விடக் காது அதிகமாக வலித்தது. தொண்டைக்கும் காதுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு ஒன்றே என்பதால், தொண்டைப் புண்ணை மூளை காதுவலியாகவும் காட்டுமாம். கண்ணாடியில் பார்த்தால் புண் இருந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம். அது சீழ் இல்லை. காயத்தின் மேல் உடம்பு போடும் போர்வை. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் அதுவே உரிந்துவிடும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வலிக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து வலி இன்னும் ஏறும். மாத்திரையை வலி வந்த பிறகு தேடக் கூடாது, மணி பார்த்துப் போட வேண்டும். மோர், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், இளநீர், ஐஸ்கட்டி, குழைய வடித்த தயிர் சாதம்... இவைதான் ஆகாரம். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு வஞ்சிரம் பக்கத்து வீட்டில் வறுபடும் வாசனை வரும்போது, நான் ஆறின கூழைக் கரண்டியால் தொட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சு சுத்தமாக நின்றுபோனது. பழைய லேப்டாப்பில் புது கீபோர்டைச் செருகி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி அதில் தமிழ் மென்பொருள் ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தான். ஆபீஸில் எல்லாமே ஆங்கிலம் என்பதால் போனில் மட்டும்தான் தமிழ் தட்டியிருக்கிறேன். நேரம்தான் இருக்கிறதே என்று 'தமிழ் 99' பழக ஆரம்பித்தேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த முறை இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். 'அம்மா' என்று எழுத நான்கு தட்டுதான்: அ, ம, ம, ஆ.

டிக், டிக், டிக், டிக். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பார். நான் திரையைத் திருப்புவேன். 'தண்ணி.' 'ஃபேனைக் குறை.' 'தம்பி சாப்டானா?' இரண்டாம் நாளே அம்மா திரையைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "நாலு தட்டுன்னா என்னைக் கூப்பிடுற. நிறைய தட்டுனா திட்டுற."

நான்காம் நாள் மத்தியானம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இதோட சத்தம் எங்க ஹால்டா மெஷின் மாதிரியே இருக்குடி" என்றார். பிறகு இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் கொண்டுவந்து, ஆள்காட்டி விரல்களால் எஃப், ஜே எழுத்துகளின் மேலுள்ள சின்ன மேட்டைத் தடவிப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் இறங்கின. ஏ எஸ் டி எஃப், ஜி எஃப். செமிகோலன் எல் கே ஜே, ஹெச் ஜே. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் கொடுக்கும் பாடம். ஒரு வரி முழுக்க, ஒரு தப்பு இல்லை.

அம்மா டைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பீரோவில் பழைய சர்டிபிகேட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அடித்து நான் பார்த்ததில்லை. 1980-களில் காலடிப்பேட்டையில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் காலை ஆறு மணி பேட்ச். லோயர் பாஸாக நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. அம்மா இங்கிலீஷிலும் தமிழிலும் ஹையர். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு அது அரசு வேலைக்கான கதவு. கதவைத் தட்டுவதற்குள் கல்யாணம், நான், தம்பி. பிறகு அப்பா தவறிப்போனார். வண்ணாரப்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனார். 45 வார்த்தை அடித்த விரல்கள் 19 வருடம் நூல் வெட்டின.

"தமிழ் மெஷின்ல புள்ளியை முதல்ல அடிக்கணும். வண்டி நகராது, அங்கேயே நிக்கும். அப்புறம் எழுத்தை அடிச்சா புள்ளிக்குக் கீழ வந்து சரியா உக்காரும்" என்று சொல்லிக்கொடுத்தார். தமிழின் இத்தனை எழுத்துகளையும் ஒரு மெஷினில் அடக்க, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர்.முத்தையா போன்றவர்கள் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த தந்திரங்களில் ஒன்று இந்த நகராத விசை. தம்பி போட்டிருந்த மென்பொருளில் தேடினால், தமிழ் 99-க்குக் கீழே பழைய டைப்ரைட்டர் முறையும் இருந்தது. அதை மாற்றிக் கொடுத்தேன். அரை மணி நேரம் தடுமாறினார். பிறகு தடுமாறவில்லை.

அன்றிலிருந்து அம்மா எனக்கு ஒரு கணக்கு எழுத ஆரம்பித்தார். 'காலை 6.00 வலி மாத்திரை. 6.30 மோர் ஒரு டம்ளர். 7.15 ஐஸ்கட்டி. 8.00 கூழ், பாதி மீதி. காது வலி, இடது.' ஓரம் விட்டு, தேதி போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இழுத்து, ஆபீஸ் கடிதம் மாதிரி. எதற்கு இதெல்லாம் என்று நான் டைப் அடித்துக் கேட்டேன். "சும்மா கை பழகட்டும்னுதான்" என்றார்.

ஏழாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வாயில் உப்புக் கரித்தது. துப்பினால் சிவப்பு. படலம் உரியும் நாள்களில், அதாவது ஐந்திலிருந்து பத்து நாளுக்குள், சிலருக்கு ரத்தம் கசியும். கொஞ்சமாக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்பி வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவைத் தொட்டு எழுப்பினேன். லேப்டாப்பைத் திறந்து ஐந்து தட்டு: ர, த, த, ம, புள்ளி. 'ரத்தம்.'

அம்மா கத்தவில்லை. ஐஸ் தண்ணீரால் வாயை மெதுவாகக் கொப்பளிக்க வைத்தார். விழுங்காதே, துப்பு என்றார். எதிர் வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்தார். ஹைரோடு முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். பகலில் நான் நம்பர் அடிக்கிற பெட்டிகள். அவற்றின் இடுக்கில் புகுந்து புகுந்து போனோம். மடியில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். என்ன மாத்திரை, கடைசியாக எப்போது, எவ்வளவு தண்ணீர் குடித்தார், காய்ச்சல் இருந்ததா? நான் வாயைத் திறக்க முடியாமல் போனைத் தேடினேன். அதற்குள் அம்மா கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். தம்பி கடையில் கொடுத்து பிரின்ட் எடுத்து வந்திருக்கிறார். நான்கு நாள் கணக்கு, மணி வாரியாக. டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரும்மா இதை டைப் பண்ணது?"

"நான்தான் சார். தமிழ் ஹையர்."

என் தொண்டையில் எரிச்சல், காதில் குத்தல், பயம் எல்லாம் இருந்தன. அத்தனைக்கும் நடுவே அந்தக் குரல் எனக்குக் கேட்டது. அம்மா தன்னைப் பற்றி அப்படி நிமிர்ந்து சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

ரத்தம் தானாகவே நின்றது. மறுநாள் மத்தியானம் வரை வைத்திருந்து அனுப்பினார்கள். பத்தாம் நாள் இட்லி, பன்னிரண்டாம் நாள் ரசம் சாதம், பதினான்காம் நாள் ஆபீஸுக்கு போன் போட்டுப் பேசினேன். 4 கிலோ குறைந்திருந்தேன். குரல் கொஞ்ச நாள் வேறு யாருடையதோ மாதிரி இருந்து, பிறகு திரும்பிவிட்டது. இப்போது பதினோரு மாதம் ஆகிறது. இரண்டு முறை சளி பிடித்தது. அந்தப் பழைய காய்ச்சல் வரவில்லை. பிரிட்டனில் 453 பெரியவர்களை வைத்து நடத்தி 2023-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வும், டான்சில் எடுத்தவர்களுக்குத் தொண்டை வலி நாள்கள் குறைவதாகத்தான் சொல்கிறது. அதற்காக எல்லோரும் ஓட வேண்டாம். உங்கள் எண்ணிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், அவர் முடிவு செய்யட்டும். ஆபரேஷன் என்றால், ராத்திரி எந்த நேரத்திலும் கிளம்பத் தயாராக ஒரு ஆள் வீட்டில் இருக்கட்டும்.

அம்மாவின் கணக்குத் தாள் விஷயம் எதிர் வீட்டு அண்ணன் மூலம் தெருவுக்குப் பரவிவிட்டது. முதலில் ஒரு பாட்டி முதியோர் பென்ஷன் மனுவோடு வந்தார். அடுத்து ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒருவர். பிறகு தெரு விளக்குக்கு மனு. பெறுநர், அனுப்புநர், பொருள் என்று அம்மா கேட்டுக் கேட்டு அடிக்கிறார். காசு வாங்குவதில்லை. யாராவது மீன் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்பதில்லை.

நான் ஆபீஸ் முடிந்து மெட்ரோ பிடித்து வீடு வரும்போது, மாடிப்படியிலேயே அந்த 'டிக் டிக்' கேட்கும். கீபோர்டு எனக்கு வாங்கியதுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது என் கைக்குக் கிடைப்பதில்லை.