நிலா பார்த்துப் பிடித்த வழி
பாதயாத்திரைத் தொடர் – 1

சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்தால், அதே சாலை திருத்தணியில் கொண்டுபோய் விடும். மாநில நெடுஞ்சாலை 58. திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாக ஏறத்தாழ 120 கி.மீ. பங்குனியிலோ சித்திரையிலோ பாதயாத்திரை போவது என்று பேச்செடுத்ததும் என் மனம் போனது இந்தச் சாலைக்குத்தான். வழி கேட்கவே வேண்டாம். கடைசியில் 365 படி, மேலே முருகன்.

கூட வரும் மச்சானுக்கோ பழநி. "நடந்தா பழநிக்கு நடக்கணும், இல்லன்னா பஸ்ல போயிடலாம்" என்றான்.

இரண்டு கட்சிக்கும் பொதுவாக, வருஷாவருஷம் ஊரிலிருந்து ஆட்களை அழைத்துப் போகும் குருசாமியிடம் போனோம். மீன்பிடித் தொழிலில் இருந்த பெரியவர். நாங்கள் ஊர்ப்பெயர்களை அடுக்க, அவர் கையமர்த்தினார். "ஊரு கெடக்கட்டும் தம்பி. என்னிக்குப் போய்ச் சேரணும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

வெயில் காலத்து யாத்திரைக் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலை ஒன்பது மணிக்குமேல் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் பெரும்பாலும் ராத்திரி நடை. ராத்திரி நடக்க நிலா வேண்டும். வளர்பிறை சஷ்டியன்று நிலா பதினொரு மணிவாக்கில் மறையும்; பிறகு நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போய், பௌர்ணமியில் விடியும்வரை நிற்கும். கால் பழகப் பழக வெளிச்சமும் நீளும். பௌர்ணமியில் முடிகிற யாத்திரைக்கு இது பெரிய வசதி.

பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது என்று மச்சான் மடக்கினான். உண்மைதான். ஆனால் பழநி 400 கி.மீட்டருக்கு மேல். நாளுக்கு 25 கி.மீ. என்றாலும் தேய்பிறையிலேயே புறப்பட வேண்டும். முதல் பல இரவுகள் கும்மிருட்டு. புதுக் கால்களுக்கு ஆகாது என்றார் குருசாமி.

திருத்தணிக்குத் தூரம் சரி. ஆனால் அங்கே பெருங்கூட்டம் ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும்தான். கூட்டம் நடக்கிற நாளில்தான் வழியில் மோர்ப்பந்தலும் அன்னதானமும் இருக்கும். மற்ற நாளில் தண்ணீரையும் சோற்றையும் நாமே சுமக்க வேண்டும்.

"சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போங்க" என்று முடித்தார். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், வந்தவாசி, சேத்துப்பட்டு வழியாக 150 கி.மீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்தபின் கிரிவலம் தனியாக 14 கி.மீ. புறப்படும் நாட்களில் திருக்கழுக்குன்றத்திலும் சித்திரைத் திருவிழா நடக்கும். முதல் இரவுச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சஷ்டியன்று கிளம்பலாம் என்றதும், முருகனுக்குரிய திதி என்று மச்சானும் அரை மனதாக இறங்கிவந்தான்.

ஒரே இடத்தில் மட்டும் குருசாமியின் நிலாக் கணக்கு செல்லாது. செங்கல்பட்டிலிருந்து மேல்மருவத்தூர் வரை சுமார் 36 கி.மீ. ஜி.எஸ்.டி. ரோடு. "அங்க நிலாவ நம்பாதீங்க. லாரிக்காரன் கண்ணுக்கு நீங்க தெரியணும்" என்றார். பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பாலாற்றுப் பாலத்தை இருட்டில் கடக்கக் கூடாது. அந்தத் துண்டை மட்டும் விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரை நடந்து, மதுராந்தகத்தில் தங்கி, இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காஞ்சிபுரம் ரோடும் ஜி.எஸ்.டி. ரோடும் பிரிவது செங்கல்பட்டில். அதுவரை திருத்தணிக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரே பாதைதான். ஆகவே மனம் மாற எனக்கு இன்னும் 30 கி.மீ. இருக்கிறது; மச்சான் அதற்குள் பழநியை மறந்திருக்க வேண்டும்.

(தொடரும்)