இருபத்தெட்டுக் குளிசைகள்

கருத்தடைக் குளிசையைப் பற்றி ஆசிரியர்கள் எழுதுவது முறையன்று என்று கருதுவோர் நம்மிடையே உளர். அது வைத்தியர்களின் வேலை என்பர். பெண்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்பர். ஆனால் பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் தோட்டங்களிலே, நாலெழுத்துப் படித்தவர் என்று பெயரெடுத்துவிட்டால், அவரிடம் கடிதங்களும் அடையாள அட்டை விண்ணப்பங்களும் மட்டுமன்றி மருந்துத் தாள்களும் வந்து சேரும். நாமும் அவ்வாறே இவ்விடயத்துக்குள் இழுத்து வரப்பட்டோம்.

எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய், மாலை நிறுவை முடிந்து வரும் வழியில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த குளிசை அட்டையை அவிழ்த்து நீட்டினார். "டீச்சர், வெள்ளக் குளுசையெல்லாம் ஒழுங்காத்தான் திங்கிறேன். இந்த மண்ணு நெறக் குளுசை சூடுன்னு சொல்றாங்க. அத வீசிட்டு, ரத்தம் நல்லா நின்ன பொறகு அடுத்த அட்டையத் தொடங்குறேன். சரிதானே?" என்று கேட்டார். சரியன்று. ஆயினும் அதனை அவருக்கு யாரும் விளக்கவில்லை. அட்டையோடு வந்த தாளிலிருந்த தமிழ், பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்ற எமக்கே இருமுறை படித்த பின்னர்தான் விளங்கிற்று.

நம் நாட்டில் பரவலாக வழங்கும் அட்டையில் இருபத்தெட்டுக் குளிசைகள் உள. முதல் இருபத்தொன்றில் ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டோஜன் என்னும் இருவகை ஓமோன்கள் கலந்திருக்கின்றன. ஆகவேதான் அதனைக் கூட்டுக் குளிசை என்கின்றனர். சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படாது தடுப்பதும், கருப்பை வாயிலுள்ள சளியைத் தடிக்கச் செய்து விந்தணுவை மறிப்பதும் அவற்றின் தொழில். எஞ்சிய ஏழு குளிசைகள் வெறும் இரும்புச் சத்து. அவற்றால் உடம்பு சூடாவதில்லை; குருதிச்சோகை மலிந்த நம் தோட்டங்களிலே அவற்றை வீசுவது நட்டமே. அந்த ஏழு நாட்களில்தான் உதிரப்போக்கு வரும். எட்டாம் நாள், உதிரம் நின்றிருந்தாலும் நில்லாவிட்டாலும், அடுத்த அட்டையைத் தொடங்கிவிட வேண்டும்.

இதன் காரணம் எளியது. ஏழு நாள் ஓய்வு வரை சூலகம் உறங்கிக் கிடக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று நாள் நீண்டால் விழித்துக்கொள்ளும். எனவே பழைய அட்டையின் முடிவிலும் புதிய அட்டையின் தொடக்கத்திலும் தவறவிடும் வெள்ளைக் குளிசைகளே மிக ஆபத்தானவை. நடுவில் ஒன்று தவறினால் அத்துணை அச்சமில்லை. அந்தத் தாய் இருபத்தொரு நாள் சிரத்தையோடு செய்த காரியத்தை, உதிரம் நிற்கட்டும் என்று காத்திருந்த சில நாட்கள் அழித்துக்கொண்டிருந்தன.

வேறு வழக்கங்களையும் நாம் கேள்வியுற்றோம். கணவன் கொழும்பிலே கடை வேலை; மாதம் ஒருமுறை வருகிறான்; அவன் வரும் நாட்களில் மட்டும் குளிசை எடுப்போர் உளர். அது பயன் தராது. உறவு உண்டோ இல்லையோ, நாள்தோறும் எடுத்தாலன்றிச் சூலகம் அடங்காது. பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு அட்டை தீர்ந்துவிட்டதென்று ஐந்தாறு குளிசைகளை உடைத்துக் கொடுப்போரும் உளர். லயத்து வாழ்வின் அந்த ஈகையை நாம் மதிக்கிறோம். ஆயினும் இரு பெண்களும் ஒரே மாதத்தில் கருவுற அதுவே போதும்.

மறந்தால் என்ன செய்வது? ஒரு குளிசை தவறினால் நினைவு வந்த கணமே அதை விழுங்கி, அன்றைய குளிசையை வழமையான வேளையில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் கேடில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறியதை மட்டும் உடனே எடுத்து அட்டையைத் தொடர வேண்டும். இடைவிடாது ஏழு நாள் வெள்ளைக் குளிசை உட்செல்லும் வரை ஆணுறை வேண்டும், அல்லது விலகியிருத்தல் வேண்டும். அது மூன்றாம் வாரமாயின், வெள்ளை முடிந்ததும் இரும்புக் குளிசைகளை விட்டு நேரே அடுத்த அட்டைக்குச் செல்க. முதல் வாரமாயிருந்து, அண்மையில் உறவும் நிகழ்ந்திருந்தால், அவசரக் கருத்தடைக் குளிசையை 72 மணி நேரத்துக்குள், எத்துணை விரைவாக முடியுமோ அத்துணை விரைவாக, நாட வேண்டும். குளிசை எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் முதல் அட்டையை ஆரம்பித்தால் உடனே காப்பு உண்டு. வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் ஏழு நாளுக்கு ஆணுறை துணை நிற்க வேண்டும்.

பிசகாமல் எடுத்தால், நூறு பெண்களுள் ஓராண்டில் கருவுறுவோர் ஒருவருக்கும் குறைவு. நடைமுறையிலோ ஏறத்தாழ ஏழு பேர். இந்த ஒன்றுக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பெண்களின் கவனக்குறைவு என்று கூறிக் கைகழுவுவோர் லயத்துக்குள் ஒருநாள் வாழ்ந்து பார்க்கட்டும். விடியுமுன் எழுந்து தேநீர், ரொட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விடல், பெரட்டு, மலை, நிறுவை, விறகு, சமையல். இதற்கிடையிலே, மாமியாரும் பிள்ளைகளும் படுத்துறங்கும் ஒற்றைக் காம்பராவில், அட்டையை எங்கே வைப்பது? காலையில் எடுக்க முயன்று தோற்ற ஒருவர் இராச் சோறு உண்டபின் எடுக்கும் வழக்கத்துக்கு மாறியபின் ஒருநாளும் மறந்ததில்லை என்றார். எந்த வேளையென்பதை அவரவர் வேலையே தீர்மானிக்கட்டும். நாள்தோறும் அதே வேளையாயிருந்தால் போதும். அட்டையை ஈரமில்லாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். இரும்புக் குளிசையைச் சிறு குழந்தை பல விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாப் பெண்களுக்கும் இக்குளிசை உகந்ததன்று. இதனைச் சொல்லாமல் அட்டையை மட்டும் நீட்டுவது குற்றமென்றே நாம் கருதுகிறோம். உயர் குருதியமுக்கம் உடையோர், காலிலோ நுரையீரலிலோ குருதி உறைந்த வரலாறுடையோர், இதய நோய், பாரிசவாதம், மார்புப் புற்றுநோய், கடும் ஈரல் நோய் கண்டோர், கண்முன் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலியுடையோர், 35 வயது கடந்தும் புகைப்போர் ஆகியோருக்கு இது ஆகாது. பாலூட்டும் தாய்க்குக் குழந்தை ஆறு மாதம் நிறையும் வரை வேறு முறையே நன்று. காசநோய்க்கு ரிபாம்பிசினும் வலிப்புக்குச் சில மருந்துகளும் எடுப்போரிடத்தில் குளிசையின் வலு குன்றும். ஆகவே முதல் அட்டைக்கு முன் குருதியமுக்கம் அளக்க வேண்டும். எடுத்து வருகையில் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், என்றுமில்லாத தலைவலி, பார்வை மங்கல் கண்டாலோ, கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராது ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். முதல் மூன்று மாதங்களில் காணும் குமட்டலும் இடையிடை உதிரக்கசிவும் அத்தகையன அல்ல. பெரும்பாலும் தாமே அடங்கும். குளிசை வயிற்றில் சேர்ந்து கட்டியாகும், பின்னர் பிள்ளையே பிறவாது என்பன வெறும் கதைகள். நிறுத்தினால் கருவுறும் ஆற்றல் விரைவில் மீளும்.

நம் முற்போக்கு நண்பர் சிலர் குடும்பத் திட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ்சுளிப்பர். அவர்தம் ஐயம் அடியோடு ஆதாரமற்றதன்று. 1956இல் இக்குளிசை பெருமளவிற் பரிசோதிக்கப்பட்டது போட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களின் உடலிலேதான். தாம் ஒரு சோதனைக்கு உட்படுகிறோம் என்பது அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அங்கீகாரம் பெற்ற குளிசையில் ஈஸ்ட்ரஜன் 0.15 மில்லிகிராம், இன்று நாம் காணும் அட்டையிலோ 0.03. அவ்வளவு தேவையில்லை என்பதை உலகம் அறிந்துகொள்ளப் பல பெண்கள் விலை கொடுத்தனர். இலங்கையிலே 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றிற்று. 1958இல் சுவீடனுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1965இல் அரசு இதனைச் சுகாதார சேவையின் பகுதியாக்கிற்று. 1948இல் வாக்குரிமைக்கு ஆதாரமான பிரஜாவுரிமையை இழந்த மக்களிடம் வந்து "பிள்ளை போதும்" என்று அரசு கூறுகையில், அவர்கள் சந்தேகிப்பதில் வியப்பென்ன? 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. 500 ரூபா வரை உயர்ந்த அத்தொகை கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அன்று பல வாரக் கூலி. பசித்தவர் முன் காசை வைத்துவிட்டு, அவராகவே விரும்பி வந்தார் என்று பதிவேட்டில் எழுதுவது விருப்பமாகாது.

ஆனால் அந்த வரலாற்றைக் காட்டிக் குளிசையை மறுப்பது தவறான முடிவு. கத்தி ஒருமுறை வெட்டிவிட்டால் அப்பெண்ணின் சொல்லுக்கு அதன்பின் இடமில்லை. குளிசையையோ அவளே தொடங்கலாம், அவளே நிறுத்தலாம். நிறுத்துவதற்குத் துரையிடமோ கணவனிடமோ கையொப்பம் வாங்க வேண்டியதில்லை. தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையால் இன்றும் குற்றமாக்கப்பட்டுள்ள நாட்டில், வேண்டாத கருவை முன்கூட்டியே தவிர்க்கும் வழி ஏழைப் பெண்ணுக்கே மிகவும் தேவை. வசதியுள்ளோர் எப்படியும் வழி கண்டுகொள்வர்.

வழி மறிப்பன வேறு. கிளினிக் வார நாளிலே நடக்கிறது. போனால் அன்று அரைப் பேர்தான், சில வேளை அதுவுமில்லை. மருத்துவமாதுக்குத் தமிழ் தெரியாதவிடத்து, மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பெண்பிள்ளையை அழைத்துச் செல்கிறார்கள். தாயின் மாதவிடாயை மகள் மூன்றாமவருக்குச் சொல்லும் அவலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழும் அரசகரும மொழியென்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. அந்தச் சட்டம் லயத்து வாசல் வரை இன்னும் ஏறி வரவில்லை.

பாடசாலை முடிந்தபின் மூன்று நான்கு தாய்மார் இப்போது எம்மிடம் வருகின்றனர். நாள்காட்டித் தாளிலே அட்டை தொடங்கும் நாளை வட்டமிட்டுக் கொடுக்கிறோம். மண்ணிறக் குளிசை முடிந்த மறுநாளுக்கு இன்னொரு வட்டம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்க்கும் அது விளங்குகிறது. சென்ற கிழமை வந்தவர் தன் கணவனையும் அழைத்து வந்திருந்தார். அவன் வாசலுக்கு வெளியே நின்றபடி, ஏழு நாள் ஆணுறை என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டான்.