கப்பலுக்கு ஒரு பொதி

ஆங்கிலத்தில் ஒரு தாள் ஊருக்கு வந்தால், அது முதலில் வாத்தியார் வீட்டுக்குத்தான் வரும். கிண்ணியாப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. வங்கிக் கடிதம், வேலை ஒப்பந்தம், ஆஸ்பத்திரி ரிப்போட் என்று இருபது வருடங்களாக வாசித்துச் சொல்லி வருகிறேன். 2023 ஒக்டோபரில் வந்த தாள் ஒரு புதுவகை. உல்லாசக் கப்பலில் ஏறுபவர் என்ன உடுக்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லும் நான்கு பக்கப் பட்டியல் அது.

கொண்டு வந்தவர் என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் உம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். மகன் கட்டாரில் வேலை செய்கிறான். தோஹாவில் ஏறி, டுபாயையும் அபுதாபியையும் பார்த்துவிட்டு ஏழு நாளில் திரும்பும் கப்பலில் உம்மாவையும் குடும்பத்தையும் கூட்டிப் போக ஆசைப்பட்டிருக்கிறான்.

"சேர், நான் மூதூர் லோஞ்சியில ஏறினதுதான். இது பத்துத் தட்டுக் கப்பலாம். அவங்க உடுக்கிற மாதிரி நானும் உடுக்கணுமோ? அப்பிடியெண்டா நான் போகல்ல."

"இருங்க ராத்தா, முதல்ல வாசிச்சுப் பாப்பம்" என்றேன்.

பட்டியலின் முதல் பாடம் கைப்பையைப் பற்றியது. பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே துண்டு கட்டி வாங்கிவிடுவார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரப் பல மணிநேரம் ஆகலாம். ஆகவே கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கையோடு இருக்க வேண்டும். இது பழைய ஒழுங்குதான். கொழும்பைத் தொட்டுப் போன பீ அன்ட் ஓ கப்பல்களின் காலத்திலும் பெட்டிகளில் சீட்டு ஒட்டுவார்கள். 'பிரயாணத்தில் தேவைப்படாது' என்ற சீட்டு ஒட்டிய பெட்டி கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கவென்றே உயரம் குறைந்த டிரங்குப் பெட்டிகளும் செய்தார்கள். இன்றும் கப்பல் அறை சிறியதுதான், வெறுமையாக்கிய பெட்டி இன்றும் கட்டிலுக்குக் கீழேதான் போகிறது.

ராத்தாவுக்குச் சீனி வருத்தமும் பிறஷரும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் குளிசைகளைச் சின்னக் கடதாசிப் பக்கெற்றில் போட்டுத் தருவார்கள். அதை அப்படியே கொண்டுபோனால் அங்குள்ள சுங்கக்காரருக்கு அது என்ன மருந்தென்று தெரியாது. அமீரகத்தில் சில நோவுக் குளிசைகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. டொக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி, பெயர் அச்சடித்த மட்டைகளில் மருந்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெற்றிலை, பாக்கைப் பற்றிக் கேட்டார். அவை அமீரகத்தில் தடை என்றதும் முகம் சற்று வாடியது. வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் கப்பல்காரர் பொதுவாக ஏற்பதில்லை என்பதால் தொதலும் நின்றுபோனது.

அடுத்தது விலக்கப்பட்ட பொருட்கள். அயன், கேத்தல், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதுவும் கூடாது. நடுக்கடலில் நெருப்புப் பிடித்தால் ஓடித் தப்ப இடமில்லை என்பதே காரணம். அறையிலுள்ள மின்துவாரங்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய பிளக்குகளுக்குரியவை, எங்கள் மூன்றுமுள் பிளக்குக்கு இடைமாற்றி ஒன்று வேண்டும். அயன் இல்லாத இடத்துக்கு ஏற்றது கசங்காத துணி. ராத்தாவின் பொலியெஸ்டர் அபாயாக்கள் அந்தச் சோதனையில் முதல் வகுப்பில் சித்தியடைந்தன.

அவர் பயந்த பகுதி அதற்குப் பிறகு வந்தது. ஏழு இரவுகளில் ஒன்றோ இரண்டோ 'விசேட உடை' இரவுகள். ஆண்களுக்குக் கோட், பெண்களுக்கு நீண்ட கவுன். மற்ற இரவுகளிலும் சாப்பாட்டு மண்டபத்துக்கு அரைக் காற்சட்டையும் குளியலுடையும் கூடாது. வாசித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "ராத்தா, இதில உடம்பை மூடக் கூடாதெண்டு ஒரு வரியுமில்ல. மூடச் சொல்லித்தான் கெடக்கு." நீளமாக, துப்புரவாக, மரியாதையாக இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய ஒழுங்கின் சாரம். தேசிய உடையை விசேட உடையாக ஏற்கும் கப்பல்களும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு எடுத்த அபாயா அந்த இரவுக்குப் போதும் என்று முடிவானது. மண்டபங்களில் ஏசிக் குளிர் உறைக்கும், டிசெம்பரில் வளைகுடாவின் கடற்காற்றும் குளிரும் என்பதால் ஒரு சால்வையும் சேர்த்தோம்.

நீச்சல் தடாகத்துக்குக் குளியலுடைதான் அணிய வேண்டும், பருத்தி உடுப்போடு இறங்கக் கூடாது. மருமகளுக்காக அதையும் விளக்கினேன். அவுஸ்திரேலியாவில் வாழும் அஹிதா சனெட்டி என்ற லெபனானியப் பெண் 2004இல் முழு உடலையும் மூடும் நீச்சலுடையொன்றை வடிவமைத்தார். அதைத்தான் இன்று புர்கினி என்கிறோம். "புள்ள இறங்கட்டும், நான் கரையில இருந்து பாக்கிறன்" என்றார் ராத்தா.

தொழுகைக்கு ஒரு மெல்லிய முசல்லா. கிப்லாவுக்குக் கைபேசித் திசைகாட்டியை நம்ப வேண்டாம் என்றேன், இரும்புக் கப்பலில் அது பிசகும். அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் பாதையைக் காட்டும் ஓர் அலைவரிசை இருக்கும். எங்கள் ஊரில் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறோம். வளைகுடாவில் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய வேண்டும். டிசெம்பரில் சூரியன் மறையும் பக்கம் ஏறக்குறைய அதுதான்.

இவ்வளவும் எழுதிக் கொடுத்த இரவு இப்னு பதூதாவின் நினைவு வந்தது. 1344இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவாதமலையையும் தரிசித்துப் போனவர். பின்னர் இந்தியாவின் மேற்குக் கரையோரம் கடற்கொள்ளையர் அவருடைய கப்பலைச் சூழ்ந்தார்கள். இலங்கை மன்னன் கொடுத்த மாணிக்கங்கள் உட்பட எல்லாம் பறிபோயின. காற்சட்டை ஒன்றுதான் உடம்பில் மிஞ்சியது. ஆனாலும் அவர் பிரயாணத்தை விடவில்லை. கடலுக்குப் போகிறவன், இழந்தால் தாங்கக் கூடியதை மட்டுமே எடுத்துப் போக வேண்டும் என்பது எனக்கு அதில் கிடைத்த பாடம். ராத்தாவின் தங்கக் காப்புகளை வீட்டில் வைத்துப் போகச் சொன்னேன்.

ஜனவரியில் திரும்பி வந்தார். அபுதாபியில் ஷெய்க் ஸாயித் பள்ளிவாசலுக்கு இறங்கிய நாளைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அங்கே பெண்கள் தலையை மூடி, நீண்ட தளர்ந்த உடையில் வர வேண்டும். கப்பலில் வந்த வெள்ளைக்காரப் பெண்கள் துணி தேடித் திரிந்தார்களாம். "நான் மட்டுந்தான் சேர், உடுத்த உடுப்போட நேரே உள்ளுக்குப் போனன்." ஒக்டோபரில் இருந்த கூச்சம் அவர் குரலில் இப்போது இல்லை.

மகன் எடுத்த படங்களில் ஒன்று என் மனதில் நின்றுவிட்டது. அபாயாவின் மேல் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி அணிந்து, பேரனின் கையைப் பிடித்தபடி நிற்கிறார் ராத்தா. ஏறிய நாளன்று நடந்த ஒத்திகை. ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எங்கே ஓட வேண்டும் என்று காட்டிக் கொடுப்பார்கள். 2012 ஜனவரி 13இல் இத்தாலியக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு ஒத்திகை நடக்கவேயில்லை. அதன் பிறகே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ ஒத்திகை நடக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2015இலிருந்து நடைமுறைக்கு வந்தது.

நான்கு பக்கப் பட்டியலில் அந்த அங்கி இல்லை. பிரயாணி அதைக் கொண்டுபோகத் தேவையில்லை, கப்பலே கொடுக்கிறது.

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை எங்கள் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் ஏறிக் கடந்த இழுவைப் பாதை களப்பில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் இறந்தார்கள். கப்பல் ஓட வேண்டிய ஆழ்கடல் அல்ல அது, சில நிமிடங்களில் கடக்கும் நீர். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் வெள்ளைச் சீருடையைத் தோய்த்து, அயன் பண்ணி, புத்தகப்பை நிரப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரு தாய் தன் பங்கில் செய்யக் கூடியதெல்லாம் அவ்வளவுதான்.

பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும்போது பெற்றோருக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்புவோம்: தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுடுப்பு, சாப்பாட்டுப் பொதி. 2024இலிருந்து என் வகுப்புப் பட்டியலின் அடியில் ஒரு வரி கூடியிருக்கிறது. அது பெற்றோருக்கல்ல, படகுக்காரருக்கும் எங்களுக்கும்: 'ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் எவரும் ஏற மாட்டோம்.' அந்த வரியினால் ஒரு தடவை படகுச் சவாரி இல்லாமலேயே திரும்பி வந்தோம். பிள்ளைகள் வழி நெடுக முணுமுணுத்தார்கள். முப்பத்தொரு பேரையும் எண்ணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் முன் ஆசனத்தில் அமர்ந்துகொண்டேன்.