சிப்பியூர்ப் பிள்ளைகளும் கடலும்

மலாய் மொழியில் 'திராம்' என்றால் சிப்பி; 'உலு' என்றால் ஆற்றின் மேற்பகுதி. சிப்பியின் பெயர் தாங்கிய உலு திராமில் வாழ்ந்தும் என் மாணவர்களுள் சிலர் கடலைக் கண்டதில்லை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என ஒப்புவிப்பார்கள். ஓதம் ஏறி வற்றுவதை அறியார்.

சென்ற விடுமுறையில் தஞ்சோங் பாலாவ் கடலோரக் குடிலொன்றில் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கினோம். கோத்தா திங்கி வழியே ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணந்தான். விடியலில் தென்சீனக் கடலின்மேல் கதிரவன் எழுந்தது. நீர் வற்றிய மணலில் சிறு நண்டுகள் இரை தேடி, மணலைச் சிற்றுருண்டைகளாக்கி விட்டிருந்தன. மீனவர் அருங்காட்சியகத்தில் படகுகளும் வலைகளும் மீன்பொறிகளும் கண்டோம். மாலையில் சுடச்சுடக் கெரோப்போக் லேக்கோர். இரவில் சம்பல் தடவி வாழையிலையில் சுட்ட திருக்கை மீன்.

பெற்றோர்களே, நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் இக்கடல் கொந்தளிக்கும். ஆகவே ஆண்டிறுதியைத் தவிர்த்து, ஆண்டு நடுவில் வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். குடிலுக்கு வசதியில்லையெனில், சோறு கட்டிக்கொண்டு போய்வர ஒரு பகல் போதும். 'ஓதம்' என்னும் சொல்லை வகுப்பில் நான் கற்பிப்பேன். அதைக் காட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.