முதலில் வேகம், பிறகு அழுத்தம்

ஜூலை 4

விண்ட்சர்ஃபிங்கில் ஓரளவு தேறியவர்களை அதிகம் படுத்துவது ஸ்பின்-அவுட். பலகை நீர்மேல் எழும்பி விரைந்துகொண்டிருக்கும். திடீரென்று அதன் பின்பக்கம் பிடி விட்டுப்போய், காற்று போகும் பக்கமாகச் சறுக்கும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், ஓட்டுபவர் நிலைகுலைவார். கால்பட்டைக்குள் பாதம் மாட்டியிருக்கும்போது விழுந்தால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. இதற்குப் பலரும் உடனே சொல்லும் வைத்தியம், ஃபின்னை மாற்று என்பதுதான். பலகையின் அடியில் பின்கோடியில் இறங்கி நிற்கும் அந்த ஒற்றைத் தகடுதான் பிடி விட்டது என்பதால் பழியும் அதன்மேலேயே விழுகிறது. இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஸ்பின்-அவுட்டுகள் ஓட்டுபவரின் பின்காலில் தொடங்குகின்றன. தடுக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது. இதை நிறுவ முடியுமா என்று இந்த வாரம் எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை 5

ஃபின் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காற்று பாயை முன்னோக்கி மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்தப் பக்கவாட்டு விசையை நீருக்குள் எதிர்த்து நிற்பது ஃபின். விமான இறக்கையின் விதிதான் இதற்கும். பலகை தன் மூக்கு காட்டும் திசையில் அப்படியே போவதில்லை. சில டிகிரி பக்கவாட்டில் விலகியே போகிறது. அந்தச் சிறு கோணத்தில் நீர் வந்து மோதுவதால், காற்று வரும் பக்கத்து முகத்தில் அழுத்தம் குறைகிறது, மறுமுகத்தில் கூடுகிறது. இந்த வேறுபாடே பிடி. கோணம் கூடக் கூடப் பிடியும் கூடும். ஆனால் ஏறக்குறைய 12 முதல் 15 டிகிரிக்குள் எல்லை வந்துவிடும். அதைத் தாண்டினால் நீரோட்டம் ஃபின்னின் முகத்தைவிட்டுப் பிரிகிறது. ஃபின்னின் மேல்முனை நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால், அழுத்தம் குறைந்த அந்த முகத்துக்கு மேலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. ஒரு முகம் முழுக்கக் காற்று சூழ்ந்தபின் பற்றிக்கொள்ள அங்கே நீர் இல்லை. நீரே ஆவியாகிக் குமிழியிடும் கேவிட்டேஷன் வேறு. அது மிக அதிக வேகத்தில்தான் பெரிய சிக்கல். வழக்கமான ஓட்டத்தில் பிடியைக் கெடுப்பது மேலிருந்து இறங்கும் காற்று. ஆகவே கேள்வி இரண்டுதான்: கோணம் ஏன் அளவு மீறியது? காற்றுக்கு வழி எப்படிக் கிடைத்தது?

ஜூலை 6

முதல் கேள்விக்குக் கணக்கே பதில் தருகிறது. ஃபின் தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 300 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு ஃபின்னை எடுத்துக்கொள்வோம். 20 நாட் வேகத்தில், எல்லைக்கு வெகு கீழே உள்ள மிதமான கோணத்தில், அது ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான பக்கவிசையைத் தாங்கும். வேகம் 10 நாட்டாகக் குறைந்தால் அதே ஃபின், அதே கோணத்தில் 12 கிலோவைத்தான் தாங்கும். அப்போதும் 50 கிலோவைக் கேட்டு மிதித்தால் அது தன் எல்லையில் போய் முட்டும். பலகை எழும்பத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் பலர் செய்வது இதைத்தான். வேகம் வருமுன்னே பாயை இறுக்கி இழுத்துக்கொண்டு, உடல் எடை முழுவதையும் பின்காலில் போட்டு, காற்றை எதிர்த்து மேலேறப் பார்க்கிறார்கள். வேகத்தின் மறுகோடியில் நமீபியாவின் லூடெரிட்ஸ் இருக்கிறது. 2015இல் அங்கு வெட்டிய நேர்க்கால்வாயில் அந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்து சாதனை படைத்தார். அந்த வேகத்தில், 20 நாட்டில் கிடைப்பதைப் போல் ஏழு மடங்கு விசை அதே பரப்பிலிருந்து கிடைக்கும். அதனால்தான் வேக ஓட்டக்காரர்களுக்கு மிகச் சிறிய ஃபின் போதுமானதாக இருக்கிறது. பிடியைப் பெருமளவு தீர்மானிப்பது வேகம்.

ஜூலை 7

அப்படியானால் பெரிய ஃபின் போட்டால் குறைந்த வேகத்திலும் தாங்குமே என்று ஒருவர் மறுக்கலாம். ஓரளவு உண்மை. பரப்பு கூடினால் அதே விசைக்குக் கோணம் குறையும். பெரிய பாய்க்குப் பெரிய ஃபின் தேவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் காற்று வலுக்கும்போது பெரிய ஃபின் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். பலகைக்குக் கீழே ஆழத்தில் பக்கவாட்டில் தள்ளும் அந்த விசை, காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தூக்கிவிடும். விளிம்பு தூக்கினால், அழுத்தம் குறைந்த முகத்துக்குக் காற்று இறங்க வழி திறக்கும். இரண்டாம் கேள்விக்கு இதுவே பதில். வரலாறும் ஒரு சான்று தருகிறது. பழைய நீளப் பலகைகளில் நடுவில் இறங்கும் டாகர்போர்டு பக்கவிசையில் பெரும்பங்கை ஏற்றது. 1980களின் தொடக்கத்தில் ஹவாயில் அது இல்லாத குட்டைப் பலகைகள் பரவியபோது எல்லாச் சுமையும் ஃபின்மேல் விழுந்தது, ஸ்பின்-அவுட் பெருந்தொல்லையாயிற்று. காற்று இறங்காமல் தடுக்க ஃபின்னின் குறுக்கே வேலிபோல் தகடு பதித்துப் பார்த்தார்கள். நடுவில் பிளவு விட்டும் பார்த்தார்கள். அவை நிலைக்கவில்லை. செம்மையான குறுக்குவெட்டும் போதிய விறைப்பும் கொண்ட மெல்லிய, நீண்ட ஃபின்கள்தான் நிலைத்தன. வடிவமைப்பாளர்கள் எல்லையைத் தள்ளிவைத்தார்கள். எல்லையே இல்லாமற் செய்ய அவர்களாலும் முடியவில்லை.

ஜூலை 8

கருவியின் குறையால் ஸ்பின்-அவுட் நேர்வதே இல்லையா என்பது நியாயமான கேள்வி. நேர்கிறது. முன்விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருந்தாலும் அங்கேயே நீரோட்டம் பிரியத் தொடங்கும். ஃபின்னின் தலைக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி இருந்தால் அதுவும் தொல்லை. கடல்தழை சிக்கினால் நல்ல ஃபின்னும் பிடி இழக்கும். தழை மிகுந்த நீரில் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின் பூட்டுவது இதற்காகத்தான். ஆனால் இவை நீரில் இறங்குமுன் விரலால் தடவியே கண்டுபிடிக்கக் கூடியவை, அல்லது இடத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடியவை. வெட்டை நுண்ணிய உப்புத்தாள் கொண்டு நீர்விட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். சிற்றலையில் துள்ளும்போதும், தாவி இறங்கும்போதும் பிடி விடுகிறதே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அங்கே ஃபின் காற்றைச் சுமந்தபடியே நீருக்குள் திரும்புகிறது. பலகை பக்கவாட்டில் விழுந்தால் கோணமும் ஒரேயடியாக எகிறும். அங்கேயும் பதில் காலில்தான். இறங்குமுன் மூக்கைச் சற்றுக் காற்று போகும் பக்கம் திருப்பி, நீரைத் தொட்டபின் ஒரு கணம் பின்காலை இலேசாக வைத்திருந்தால் ஃபின் மீண்டும் நீரைப் பற்ற நேரம் கிடைக்கும்.

ஜூலை 9

இதுவரை எழுதியதிலிருந்து பயிற்சிக்கான வரிசை தானே வருகிறது. பாய் இழுக்கத் தொடங்கியதும் குறுக்குக்காற்றுத் திசையிலிருந்து சற்றுக் காற்று போகும் பக்கமாகப் பலகையைத் திருப்ப வேண்டும். பாயின் இழுவையை இடுப்பில் கட்டும் ஹார்னஸ் வழியாகவும் முன்பாதம் வழியாகவும் பலகைக்குக் கொடுக்க வேண்டும். எழும்பி வேகம் வந்தபின் பலகையைத் தட்டையாக வைத்தபடி, காற்றை எதிர்த்து மெல்ல மெல்ல மேலேறலாம். பின்கால் பக்கவாட்டில் உதைக்கக் கூடாது. எடையை மேலிருந்து கீழாக இறக்கினால் போதும். இவ்வளவுக்குப் பிறகும் பிடி விட்டுப்போனால் எதிர்த்து மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். பின்காலின் அழுத்தத்தை உடனே விட்டு, அந்தக் காலால் பலகையைத் தன் உடலுக்கடியில் இழுத்து, மூக்கைக் காற்று போகும் பக்கம் திருப்பினால் கோணம் குறைந்து நீர் மீண்டும் ஒட்டும். புதிய ஃபின் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இருக்கும் ஃபின்னை நன்றாகத் தேய்த்துப் பொருத்தி, இந்த வரிசையில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடி விட்டால் ஃபின்னை மாற்றுங்கள், அதற்குமுன் வேண்டாம்.