இரண்டாம் பருவம் முடிந்தது

பி.பி.ஐ.எஸ்.எம்.பி இரண்டாம் பருவத் தேர்வு ஒருவழியாக முடிந்துவிட்டது, நண்பர்களே! எஸ்.பி.எம் முடித்தவர்கள் 4 ஆண்டு ஆசிரியர் பட்டப்படிப்புக்குப் போகுமுன் படிக்கும் ஆயத்தப் படிப்பு இது. நாட்டிலுள்ள 27 ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் இரண்டு நம் ஜொகூரில் இருக்கின்றன: ஜொகூர் பாருவில் துமெங்கோங் இப்ராஹிம், பத்து பகாட்டில் துன் உசேன் ஓன்.

முதல் பருவம் முகங்களைப் பழகுவதற்குள் ஓடிவிட்டது. இரண்டாவதுதான் ஆளை உலுக்கியது. ஒரே வாரத்தில் தமிழில் ஒரு கட்டுரை, மலாயில் ஓர் இடுபணி, ஆங்கிலத்தில் ஒரு படைப்பு. மூன்று மொழியும் ஒரே நேரத்தில் வாயில் வந்து முட்டும். குழுப்பணியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் மட்டும் வராது. கடைசி இரவில் விடுதியில் விளக்கு எரிந்த அறைகளே அதிகம்.

"வாத்தியார் வேலைதானே, பாதி நாள் லீவு" என்று சிரிக்கும் உறவினர்களே, ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள்.

1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி இன்று 500க்கும் மேற்பட்ட பள்ளிகளாக நிற்கிறது. அவற்றில் பல, மாணவர் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகள். அங்கே போய் நிற்கத்தான் இந்தப் பாடெல்லாம்.

எஸ்.பி.எம் எழுதும் தம்பி தங்கைகளே, விண்ணப்பம் திறந்ததும் போட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உள்பெட்டிக்கு வாங்க.